மாடு அகற்றும் நாளும் நாய் கட்டும் பருவமும்

கிளிவெட்டி கடற்கரை ஊர் அல்ல. மூதூரிலிருந்து சேருவில, வெருகல் பக்கம் போகும் தெருவில், வயலும் ஆறும் குளமுமாகக் கிடக்கும் ஊர் அது. ஒரு பக்கம் கொட்டியாரக் குடா. மறுபக்கம் அல்லைக் குளமும், 1970ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட சேருவில–அல்லைச் சரணாலயமும். மகாவலி கிளை கிளையாகப் பிரிந்து கடலைத் தேடிப் போகிற தாழ்நிலம் இது. இந்த நிலத்தில் ஊர் முடிந்து காடு தொடங்கும் இடத்தையோ, வயல் முடிந்து கரை தொடங்கும் இடத்தையோ ஒரு கோடு போட்டுக் காட்டிவிட முடியாது. மனிதருக்கே தெளிவில்லாத எல்லையை நாய் எப்படி அறியும்? கடற்கரையில் முட்டையிடும் ஆமையையும் பறவையையும் நாயிடமிருந்து காப்பதற்கு இலங்கையில் சரியான விதி இதுவரை அமையவில்லை. காரணம், நாயைப் பற்றிய சட்டங்கள் எல்லாம் நகரத்துத் தெருவைப் பார்த்தும், காட்டுயிரைப் பற்றிய சட்டங்கள் எல்லாம் வேலி போட்ட சரணாலயத்தைப் பார்த்தும் எழுதப்பட்டன. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் கரைக்குப் பொருந்தும் விதியின் வடிவம் வேறோர் இடத்தில் இருக்கிறது. கிளிவெட்டி போன்ற வயலூர்களில் ஒவ்வொரு போகமும் மாட்டுக்காக ஊர் கூடி எழுதும் விதியே அது.

முதலில் நாய் கரையில் என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்தியக் காடுகளில் கூட்டமாக வேட்டையாடும் செந்நாய் இலங்கையில் இல்லை. நாய்க் குடும்பத்தில் இந்தத் தீவில் இயல்பாக வாழும் காட்டு விலங்கு நரி ஒன்றுதான். ஆகவே இங்கே மணலில் கூடு வைக்கும் உயிர்கள் நரியையும் காட்டுப்பன்றியையும் உடும்பையும் கபரக்கொய்யாவையும் தாங்கி வாழப் பழகியவை. மனிதன் போடும் மிச்சத்தைத் தின்று, காடு தாங்கக்கூடிய அளவைத் தாண்டிப் பெருகும் நாய்க் கூட்டத்தை அவை பழகவில்லை. கடலாமை ஒரு தடவைக்கு நூறு முட்டை அளவில் இடுகிறது. அவை ஐம்பது அறுபது நாள் மணலுக்குள் கிடக்கின்றன. மோப்பம் பிடித்த ஒரு நாய்க்கு ஒரு கூட்டைத் தோண்டி முடிக்க ஓர் இரவு தேவையில்லை. பறவைகளின் பாடு இதைவிட மோசம். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் நிலையாக வாழும் ஓர் உப்புக்கொத்தியை 2023இல் ஆய்வாளர்கள் தனி இனமாகப் பிரித்து அதற்கு அனுமனின் பெயரைச் சூட்டினர். மணலைச் சற்றே குழித்து, அதில் இரண்டு மூன்று முட்டைகளை வெறுமனே வைக்கும் பறவை அது. நாய் முட்டையைத் தின்னவே வேண்டியதில்லை. அடிக்கடி ஓடி வந்து தாயைக் கிளப்பிவிட்டாலே போதும், உச்சி வெயிலில் முட்டை வெந்துவிடும். இந்தச் சேதம் யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. அதனால்தான் சட்டம் எழுதியவர்களின் கண்ணிலும் அது படவில்லை.

நாய் பற்றிய சட்டத்தின் வரலாறு காலனி ஆட்சியின் பயத்திலும் பணத் தேவையிலும் தொடங்குகிறது. பம்பாயில் வெயில் காலத்தில் தெருநாய்களைக் கொல்லும் விதி இருந்தது. கொன்ற நாய் ஒன்றுக்கு எட்டணாக் கூலி. 1832 ஜூன் மாதம் அந்தக் கொலைக் காலம் நீட்டிக்கப்பட்டபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் கிளர்ந்தெழுந்தார்கள். மற்றவர்களும் சேர்ந்துகொள்ள, நகரம் அடைபட்டுப் போனது. பதினாறு ஆண்டுகள் கழித்து இலங்கையில் அதே பாடம் வேறு விதமாக நடந்தது. தேசாதிபதி டொரிங்டன் 1848 ஜூலை 1 முதல் துப்பாக்கிக்கும் வண்டிக்கும் கடைக்கும் நாய்க்கும் கட்டணம் விதித்தார். நாய் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங். கூடவே தெரு வேலைக்கு ஆள் உழைக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு கட்ட வேண்டும். அந்த மாதம் முடிவதற்குள் மாத்தளையிலும் கண்டிப் பக்கத்திலும் கலகம் வெடித்தது. கலகத் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்ட் மாதம் சுட்டுக் கொல்லப்பட்டார். இராணுவச் சட்டத்தின் பெயரால் நடந்த கொடுமைகளை பிரித்தானியப் பாராளுமன்றம் விசாரித்தது. டொரிங்டன் 1850இல் திருப்பி அழைக்கப்பட்டார். நாய் வரி கைவிடப்பட்டது, தெருச் சட்டம் மட்டும் நிலைத்தது. நாய் வரி ஒன்றே அந்தக் கலகத்தை மூட்டியது என்று சொன்னால் அது மிகை. ஆனால் குரக்கன் சேனையைப் பன்றியிடமிருந்து காக்க நாயை நம்பியிருந்த ஏழை வீட்டுக்கு அந்த ஒரு ஷில்லிங் என்னவாகப் பட்டிருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கலாம். தன் வளவில் காவல் நிற்கும் பிராணிக்கு, அதைக் கண்டிராத ஒருவர் கொழும்பிலிருந்து விலை போடுகிறார் என்பதே அவர்கள் கண்ட செய்தி.

அதன் பின் நாய் சட்டத்துக்குள் வந்தது விசர்நோயின் வழியாக. 1893இல் விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம், 1901இல் நாய்களைப் பதிவுசெய்யும் கட்டளைச் சட்டம். ஆண்டுதோறும் உள்ளூராட்சி மன்றத்தில் நாயைப் பதிய வேண்டும் என்பது இரண்டாவதன் சாரம். இந்த இரண்டும் இன்றுவரை சட்டநூலில் இருப்பவை. இவற்றைப் பழித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. விசர்நாய்க் கடியால் சாகும் சாவு எத்தகையது என்பதைக் கேட்டறிந்த எவரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் இந்த நோயால் இறந்தனர். 1975இல் தேசியக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கி, நாய்களுக்குத் தடுப்பூசி பரவலான பின் அந்த எண்ணிக்கை படிப்படியாக இறங்கியது. உள்ளூராட்சி மன்றங்களின் நாய்பிடிகாரர்கள் பல பத்தாண்டுகளாகக் கட்டாக்காலி நாய்களைக் கொன்று வந்தார்கள். 2006இல் அரசு கொலையை நிறுத்தும் கொள்கையை அறிவித்தது. கொலை நின்ற பின்னும் விசர்நோய்ச் சாவு ஏறவில்லை, மேலும் இறங்கியது. நோயை அடக்கியதில் தடியையும் சுருக்குக் கயிற்றையும்விட ஊசிக்கே பங்கு பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டியதில்லை. ஆனால் 1893 முதல் 2006 வரையான இந்த நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகளில் நாயைப் பற்றி எழுதப்பட்டவை எல்லாம் மனித உயிரை மட்டுமே கணக்கில் எடுத்தன. தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து, கடிக்காத நாயாகத் திருப்பி விடப்பட்ட ஒன்று, சட்டத்தின் கண்ணில் குற்றமற்ற நாய். அது கரையில் ஆமைக் கூட்டைத் தோண்டினால் அதைப் பற்றிக் கேட்க அந்தச் சட்டங்களில் ஒரு வரி கிடையாது.

மறுபக்கம் காட்டுயிர்ச் சட்டம். 1937இன் தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மனிதனை நோக்கி எழுதப்பட்டது. சுடுகிறவன், பொறி வைக்கிறவன், முட்டை எடுக்கிறவன், காடு வெட்டுகிறவன் ஆகியோரே அதன் எதிராளிகள். 1972ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் கடலாமைகள் அதன் காவலுக்குள் வந்தன. திருகோணமலையைப் பொறுத்தவரை 1963 முக்கியமான ஆண்டு. துறைமுகத்துக்குள் இருக்கும் பெரிய, சிறிய சோபர் தீவுகளும், கடற்படைக் காணியை ஒட்டிய காடும், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவும் அந்த ஆண்டில் சரணாலயங்களாயின. புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக உயர்ந்தது. இந்தப் பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். ஒன்று கடல் சூழ்ந்த இடம், அல்லது படையினர் வேலி போட்ட இடம். ஆங்கிலேயக் கடற்படை 1957 வரை வைத்திருந்த துறைமுகத்தின் ஓரங்களில், ஆளும் நாயும் போக முடியாத இடங்களில், உயிர்கள் தாமாகவே தப்பியிருந்தன. சட்டம் வந்து அதை உறுதிசெய்தது. சனம் புழங்கும் கரைக்கு, வலை காயும் கரைக்கு, அப்படி ஒரு வேலியும் இல்லை, இருக்கவும் கூடாது. கரைவலைக்காரரின் வாழ்வு அங்கேதான். நிலாவெளியிலோ கொட்டியாரக் குடாவின் ஓரத்திலோ கரையைச் சரணாலயமாக்கி மக்களை வெளியே தள்ளுவது அநீதி. அது நடக்கவும் போவதில்லை. ஆக நகரத்துச் சட்டம் நகர எல்லையோடு நின்றது, காட்டுச் சட்டம் சரணாலய எல்லையோடு நின்றது. நடுவில் உள்ள திறந்த மணல் யாருடைய பொறுப்பிலும் வரவில்லை.

இங்கேதான் வயலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. நாய் வரி தோற்ற எட்டே ஆண்டுகளில், 1856இல், தேசாதிபதி ஹென்றி வோட் வேறு வகையான ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தார். நெல் வயல்களின் நீர்ப்பாசனத்திலும் பயிர்ச்செய்கையிலும் இருந்த பழைய ஊர் வழக்கங்களை மீட்டு, அவற்றுக்கே சட்டத்தின் பலத்தைக் கொடுப்பது அதன் நோக்கம். கொழும்பில் இருப்பவர் விதி எழுதுவதை விட்டு, வயலில் நிற்பவர் கூடி முடிவு செய்ததை ஏற்றுக்கொண்டார். அந்த ஏற்பாட்டின் வழிவந்ததே, இன்றும் ஒவ்வொரு போகத்துக்கும் முன் கூடும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம். அல்லைக் குளத்து நீரில் பயிரிடும் ஊர்களிலும் அது நடக்கிறது. எந்த நாளில் தண்ணீர் திறப்பது, எந்த நாளுக்குள் விதைத்து முடிப்பது, எந்த இன நெல், வாய்க்கால் துப்புரவு யார் பொறுப்பு என்று அங்கே தீர்மானிக்கிறார்கள். அதே கூட்டத்தில் இன்னொரு தீர்மானமும் உண்டு. இந்தத் திகதிக்குள் வயற்பக்கத்து மாடுகள் எல்லாம் அகற்றப்பட வேண்டும் என்பது அது. அந்த நாளுக்குப் பின் மாடு வயலில் இறங்கினால் பட்டிக்காரர் பொறுப்பு. பிடித்துக் கட்டலாம், நட்டம் கேட்கலாம். 1876இன் மாட்டு அத்துமீறல் கட்டளைச் சட்டம் அதற்குப் பின்னால் நிற்கிறது. அறுவடை முடிந்தால் அதே மாடு அதே வயலில் தாளடி மேயும். யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இந்த வழக்கத்துக்குள் எத்தனை நுட்பம் இருக்கிறது என்பதை நாம் கவனிப்பதே இல்லை. மாட்டை யாரும் பகையாக நினைக்கவில்லை. மாடு வைத்திருப்பதற்கு வரியில்லை. ஆண்டு முழுவதும் கட்டிப்போடச் சொல்லவுமில்லை. பயிர் மென்மையாக இருக்கும் காலத்தில், பயிர் நிற்கும் இடத்தில் மட்டும் தடை. அந்தக் காலத்தையும் இடத்தையும் சொல்பவர் வயற்காரரும் பட்டிக்காரரும் ஒன்றாக இருக்கும் கூட்டத்தினர். பொறுப்பு மிருகத்தின் தலையில் விழுவதில்லை, உடையவன் தலையில் விழுகிறது. பார்த்துக்கொள்ள வட்டவிதானை என்று ஊரே அறிந்த ஓர் ஆள் இருக்கிறார். மேய்ச்சல் தரை குறையக் குறைய இந்த ஏற்பாடு கிழக்கில் நெருக்கடிக்கு உள்ளாகி வருகிறது என்பதும் உண்மை. மாட்டை அகற்றச் சொல்பவர் அது போய் நிற்க ஓர் இடத்தையும் காட்ட வேண்டும். அந்தப் பாதி தவறும் இடங்களில் சண்டை மூள்கிறது. கரைக்கு விதி எழுதுகிறவர் இதையும் சேர்த்தே கற்றுக்கொள்ள வேண்டும்.

கரைக்கு இதே வடிவத்தைக் கொண்டுபோனால் என்ன ஆகும்? ஆமை ஏறும் மாதங்களைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு கரையிலும் எப்போது ஏறுகிறது என்பதைக் கரைவலைக்காரர் சொல்வார்கள். உப்புக்கொத்தி எந்த மணல்திட்டில் குந்துகிறது என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். அந்தப் பருவத்தில், அந்தத் திட்டில், இரவில் நாயைக் கட்டி வைப்பது என்று மீனவர் சங்கமும் ஊரும் கூடித் தீர்மானிக்கலாம். ஊரவரை நம்பி இப்படி ஒரு காரியம் நடக்குமா என்று கேட்பவர்களுக்குத் தெற்கே ரெகாவை இருக்கிறது. 1996இல் அங்கே ஆமை முட்டையை எடுத்து விற்று வாழ்ந்தவர்களையே கூலி கொடுத்துக் கூட்டுக் காவலர்களாக்கினார்கள். முட்டையை வேறிடத்துக்கு மாற்றாமல், ஆமை இட்ட இடத்திலேயே இரவிரவாக இருந்து காத்தார்கள். பின்னர் 2006இல் அந்தக் கரை சரணாலயமானது. அங்கே முதலில் வந்தது ஊரவரின் காவல், அதன் பிறகே வர்த்தமானி. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் கரை நடந்து பங்குனி ஆமையின் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காக்கிறார்கள். நாயும் மனிதரும் நிறைந்த நகரக் கரையில் முட்டையை விட்டுவைக்க முடியாததால் செய்யும் அரும்பணி அது. ஆயினும் கூட்டை இடம் மாற்ற வேண்டி வருவதே, கரை கைவிட்டுப் போனதன் அடையாளம். கொட்டியாரக் குடா இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை. கலிபோர்னியாவில் சாந்தா பார்பராவுக்கு அருகே ஒரு கரையில் 2001இல் கயிறு கட்டி ஒரு பகுதியை ஒதுக்கி, நாய்களைக் கயிற்றில் பிடித்து வரச் சொல்லி, எடுத்துச் சொல்லத் தொண்டர்களை நிறுத்தினார்கள். முப்பது ஆண்டுகளாகக் கூடு வைக்காதிருந்த உப்புக்கொத்தி திரும்பி வந்து குஞ்சு பொரித்தது. கரை மூடப்படவில்லை, மக்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை கனமானவை. முட்டை எடுத்தவன் மனிதன், வலையில் ஆமையைச் சாகடிப்பவன் மனிதன், கரையில் விளக்குப் போட்டு குஞ்சுகளின் திசையைக் கெடுப்பது விடுதி. இத்தனைக்கும் நடுவில் நாயைப் பிடிப்பது எளியவனை அடிப்பதாகாதா? மனிதனின் பங்கே பெரிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஆமை முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். கடலில் நடக்கும் சாவைக் குறைக்க வலையை, படகை, எல்லை கடந்த மீன்பிடியை எல்லாம் மாற்ற வேண்டும். அவை செய்ய வேண்டியவைதான், ஆனால் நாள் எடுக்கும். கரையில் நடக்கும் அழிவை நிறுத்த ஒரு கயிறும் இரண்டு மாதப் பொறுமையும் போதும். அருகில் உள்ளதைச் செய்யாமல் தொலைவில் உள்ளதைக் காட்டி நிற்பதை ஏற்க முடியாது.

இரண்டாவது எதிர்ப்பு கருணையிலிருந்து வருகிறது. நம் ஊர்களில் வைரவர் இல்லாத ஒழுங்கை அரிது. அவருடைய வாகனமான நாயை அடித்துக் கொல்ல நம்மவர் கை எழுவதில்லை, எழக்கூடாது. 2006இன் கொள்கை நல்ல கொள்கை. ஆனால் கருத்தடையும் தடுப்பூசியும் மட்டுமே போதும் என்று நிற்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். கருத்தடை செய்த நாய்க்கும் பசி உண்டு, மோப்பம் உண்டு. பத்து ஆண்டில் நாய்த்தொகை குறையலாம். இந்த ஆண்டு இட்ட முட்டை பத்து ஆண்டு காத்திருக்காது. நாயைக் கட்டி வைத்துச் சோறு போடுவது அதற்குச் செய்யும் கொடுமை அல்ல. சோறு போடாமல் அலைய விட்டு, தெருவில் அடிபடவும் சொறி பிடிக்கவும் விடுவதே கொடுமை. கருணை நாயோடு நின்றுவிடாமல், மணலுக்குள் கிடக்கும் முட்டைக்கும் எட்ட வேண்டும்.

மூன்றாவது, கரையில் வாடி, அதாவது மீன்பிடிக் கொட்டில், வைத்திருப்பவரின் எதிர்ப்பு. எனக்கு இதுதான் மிகவும் நியாயமானதாகப் படுகிறது. கரையில் வலையும் கருவாடும் இயந்திரமும் கிடக்கின்றன. இரவுக் காவலுக்கு நாய்தான். கட்டி வைத்த நாய் எப்படிக் காவல் காக்கும்? வாடியடியில் நீண்ட கயிற்றில் கட்டிய நாய் அந்த வாடியைக் காக்கும். முந்நூறு யார் தள்ளி மணலைத் தோண்டும் நாய் எந்த வாடியையும் காக்கவில்லை. இதோடு சேர்த்துப் பேச வேண்டியது கழிவு மீன். வலை இழுத்த இடத்திலேயே கழிவைக் கொட்டிவிட்டுப் போகும் வரை, எந்த விதியும் நாயைக் கரையிலிருந்து தள்ளி வைக்காது. கழிவு போட ஒரு குழியும் அதை அள்ள ஆளும் உள்ளூராட்சி மன்றத்தின் கடமை. மேய்ச்சல் தரை காட்டாமல் மாட்டை அகற்றச் சொல்லும் பிழை இங்கே நேரக்கூடாது. உடையவன் இல்லாத நாய்க்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் விடை இதே இடத்தில்தான். தெருவில் அலையும் நாய்களில் பலவற்றுக்குச் சோறு வைக்கும் ஒரு வீடோ கடையோ விடுதியோ உண்டு. கடற்கரை விடுதிகள் பருவ காலத்தில் விருந்தினருக்காக நாய்களைப் போற்றிவிட்டு, பருவம் முடிந்ததும் கைவிடுகின்றன. சோறு வைப்பவரை உடையவராகக் கொள்ளும் ஒரு வரி விதியில் இருந்தால் போதும்.

ஊர் கூடித் தீர்மானிப்பதற்கு ஊர் இருக்க வேண்டும் என்பதை மூதூர்ப் பக்கத்தவருக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 2004இல் ஆழிப்பேரலை, 2006இல் போர். அந்தப் போரில் இடம்பெயர்ந்த, மூதூர்ப் பக்கத்துச் சம்பூர்ச் சனம் கிளிவெட்டியிலும் பிற இடங்களிலும் இடைத்தங்கல் முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தது. 2015க்குப் பிறகுதான் சம்பூர்க் காணிகள் திரும்பக் கிடைத்தன. தகரக் கொட்டிலில் இருந்தவரிடம் நாய்ப் பதிவேட்டைக் கேட்க எவருக்கும் உரிமை இருக்கவில்லை. கரைக்குத் திரும்பியவர்கள் வாடியை மறுபடி கட்டும் இக்காலத்தில், விதியும் அவர்களோடு சேர்ந்தே எழுதப்பட வேண்டும். 1987இன் பிரதேச சபைகள் சட்டம் சபைகளுக்குத் துணைவிதி இயற்றும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. சபையின் தீர்மானம், அமைச்சரின் அங்கீகாரம், வர்த்தமானி அறிவித்தல் ஆகிய மூன்றும் வேண்டும். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது, அதன் பின் நீண்ட காலம் தேர்தல் நடக்கவில்லை. பிரதேச சபைகளும் 2023இல் காலாவதியாகி, 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகே மீண்டும் கூடின. இப்போது உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பெரும்போகக் கூட்டத்துக்கு மாடு அகற்றும் திகதியோடு வரும் அதே கமநல அலுவலரும் பிரதேச செயலாளரும் இருக்கிறார்கள். மீனவர் சங்கங்களையும் வனஜீவராசிகள் திணைக்களத்தையும் சேர்த்து இன்னொரு நாள் கூட்டுவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.